வந்த வழி அழிந்த வடிவம்

மாங்காய்ப் பூட்டு ஒன்றைக் கணினியில் வரைய வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். திண்டுக்கல் நாகல் நகரிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் பட்டறைக்காரர்கள் கையால் செய்து பெயர் வாங்கிய அதே பூட்டுதான். வரைபவர் முதலில் ஒரு தளத்தில் மாங்காயின் புறக்கோட்டைப் போடுவார். அதற்கு 25 மி.மீ. தடிமன் கொடுப்பார். சுற்றிலும் 3 மி.மீ. சுவரை விட்டுவிட்டு உள்ளே குடைவார். வளையம் நுழைய மேலே இரண்டு துளை, முன்முகத்தில் சாவித்துளை, உள்ளே லீவர்களைக் கோத்து நிறுத்த ஓர் அச்சுக்குச்சி. கடைசியாக, கையைக் கிழிக்காதபடி விளிம்புகளை உருட்டிவிடுவார். திரையில் பூட்டு வந்துவிட்டது.

திரையின் ஓரத்தில் இன்னொன்றும் வந்திருக்கும். செய்த வேலைகளெல்லாம் செய்த வரிசையிலேயே ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும் பட்டியல். டிசைன் ஆபீஸ்களில் இதை ‘ஃபீச்சர் ட்ரீ’ என்பார்கள், ‘ஹிஸ்டரி’ என்றும் சொல்வதுண்டு. இந்தப் பட்டியலைச் சில சமயம் வேண்டுமென்றே அழித்துவிட்டு வடிவத்தை மட்டும் வைத்துக்கொள்கிறார்கள். ஏன் அழிக்கிறார்கள், அழித்தால் எது போகிறது, அழித்த பிறகும் எது போகாமல் தங்கிவிடுகிறது? பூட்டை எடுத்துக்கொண்டதற்கு ஊர்ப்பாசம் மட்டும் காரணமில்லை. மூன்றாவது கேள்விக்குப் பூட்டைவிட நன்றாக விடை சொல்லும் பொருள் கிடைக்காது.

ஒன்றைத் தொடக்கத்திலேயே தெளிவாக்கிவிடலாம். இந்தப் பட்டியலில் இருப்பது பட்டறை வேலையின் வரிசை என்று எண்ணிவிடக் கூடாது. பட்டறையில் தகட்டை வெட்டி, வளைத்து, அரத்தால் ராவி, ரிவிட் அடித்துப் பூட்டு உருவாகிறது. யாரும் கெட்டிக் கட்டி ஒன்றை எடுத்து உள்ளே குடைவதில்லை. கணினியில் பதிவாவது வரைந்தவர் அந்த வடிவத்தை எப்படி யோசித்தார் என்பதன் தடம். ஒரே பூட்டை இருவர் வரைந்தால் இரண்டு தடங்கள் கிடைக்கும்.

தடத்தால் பயன் என்ன? வளையத்தின் விட்டம் 8 மி.மீ. என்றால், அது நுழையும் துளையை 8.4 என்று நேராக எழுதாமல் ‘வளையம் கூட்டல் 0.4’ என்று எழுதிவைக்கலாம். வாடிக்கையாளர் பெரிய பூட்டாகக் கேட்கிறார். வளையத்தை 10 ஆக்கியதும் துளை தானாக 10.4 ஆகும். துளையைச் சுற்றியுள்ள சுவரும், துளை வாயில் உருட்டிய விளிம்பும் அதற்கேற்ப நகரும். மென்பொருள் பட்டியலின் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் பூட்டை மறுபடி ‘செய்து’ காட்டுகிறது. பாராமெட்ரிக் மாடல் என்று சொல்வது இதைத்தான். அந்தக் கோப்புக்குள் முதன்மையாக இருப்பது பூட்டைச் செய்யும் முறை. வடிவம் அதிலிருந்து ஒவ்வொரு முறையும் விளைகிறது.

இந்த யோசனைக்கு வயது அதிகமில்லை. 1963-ல் எம்ஐடியில் ஐவன் சதர்லேண்ட் உருவாக்கிய ‘ஸ்கெட்ச்பேட்’, இந்தக் கோடு அந்தக் கோட்டுக்கு இணையாகவே இருக்க வேண்டும் என்பது போன்ற நிபந்தனைகளைக் கணினிக்குச் சொல்லலாம் என்று காட்டியது. ஆனால் 1970களில் கேம்பிரிட்ஜில் இயன் பிரெய்டும் அவர் குழுவினரும் உருவாக்கிய திட உருவ மென்பொருளான ‘பில்ட்’, வடிவத்தைத்தான் சேமித்தது. சோவியத் ஒன்றியத்திலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறிய கணிதவியலாளர் சாமுவேல் கைஸ்பெர்க் 1985-ல் பாராமெட்ரிக் டெக்னாலஜி என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். அந்தப் பத்தாண்டின் கடைசியில் அவர்களுடைய ‘ப்ரோ-இன்ஜினீயர்’ சந்தைக்கு வந்த பிறகுதான் தடத்தை வைத்து வேலை செய்வது தொழில்துறையின் வழக்கமானது. 1995-ல் ‘சாலிட்வொர்க்ஸ்’ வந்து அதைச் சாதாரண விண்டோஸ் கணினிக்குக் கொண்டுவந்தது. ஆக, தடம் இல்லாத வடிவம்தான் மூத்தது. இன்று அதை ‘டம்ப் சாலிட்’, அதாவது ஊமை உருவம் என்று இளக்காரமாகச் சொல்கிறோம்.

தடத்தால் வரும் தொல்லை வரைந்து பழகியவர்களுக்கு நன்றாகத் தெரியும். ‘பதினோராவது விளிம்பை உருட்டு’ என்று பட்டியலின் கடைசியில் ஒரு வரி இருக்கிறது. இப்போது பட்டியலின் நடுவே போய்ப் பூட்டின் பக்கவாட்டில் ஒரு காடி வெட்டுகிறீர்கள். காடியால் புதிய விளிம்புகள் பிறக்கின்றன. மென்பொருள் எல்லா விளிம்புகளுக்கும் மறுபடி எண் போடுகிறது. பழைய பதினோராவது விளிம்பு இப்போது பதினைந்தாவதாகிவிட்டது. கடைசி வரியோ பதினொன்றைத் தேடிப் போய் வேறு எதையோ உருட்டிவைக்கிறது. அல்லது சிவப்பு எழுத்தில் ‘விளிம்பைக் காணோம்’ என்று நின்றுவிடுகிறது.

விளிம்புக்கும் முகத்துக்கும் நிலையான பெயர் வைக்க முடியாத இந்தச் சிக்கலுக்கு ‘டோபோலாஜிக்கல் நேமிங்’ சிக்கல் என்று பெயர். இலவச மென்பொருளான ‘ஃப்ரீகேட்’ பயன்படுத்திய மாணவர்களை இது நீண்ட காலம் அழவைத்தது. 2002-ல் தொடங்கிய அந்தத் திட்டம், 2024 நவம்பரில் வெளியிட்ட 1.0 பதிப்பில்தான் இதற்கு ஓரளவு மருந்து வைத்தது. விலையுயர்ந்த மென்பொருள்களிலும் இந்த நோய் முழுதாகத் தீரவில்லை, மறைத்துவைக்கும் சாமர்த்தியம்தான் கூடியிருக்கிறது. முன்னூறு வரிப் பட்டியலில் பத்தாவது வரியைத் தொடக் கை நடுங்குவது இதனால்தான்.

அழிக்கும்போது என்ன நடக்கிறது? பட்டியலின் கடைசி வரி முடிந்ததும் நிற்கும் வடிவத்தை மென்பொருள் முகங்கள், விளிம்புகள், முனைகள் என்று பிரித்து எழுதிக்கொள்கிறது. இந்த முகம் ஒரு தளம், அந்த முகம் 4.2 மி.மீ. ஆரமுள்ள உருளை, இரண்டும் சந்திக்கும் விளிம்பு ஒரு வட்டம் என்ற கணக்கு. இதுதான் எல்லைவழி உருவம், சுருக்கமாக ‘பி-ரெப்’. ஒவ்வொரு பாராமெட்ரிக் மாடலுக்குள்ளும் விளைவாக இது ஏற்கெனவே இருக்கிறது. அழிப்பது என்றால் இதை மட்டும் வைத்துக்கொண்டு பட்டியலைத் தூக்கி எறிவது. என்எக்ஸ் மென்பொருளில் ‘ரிமூவ் பாராமீட்டர்ஸ்’, கட்டியாவில் ‘பேஸ்ட் ஸ்பெஷல்’ கொடுத்து ‘ஆஸ் ரிசல்ட்’, ஃப்ரீகேட்டில் ‘கிரியேட் சிம்பிள் காப்பி’ என்று கட்டளைக்குப் பெயர்தான் மாறுகிறது. எதுவும் கைக்கு எட்டாவிட்டால், பலரும் செய்வதுபோல் ‘ஸ்டெப்’ கோப்பாக வெளியே எடுத்து மறுபடி உள்ளே கொண்டுவந்தால் போதும். பட்டியலில் ஒரே ஒரு வரி மிஞ்சும்.

8.4 மி.மீ. துளை அப்படியே இருக்கும். அது வளையத்தைவிட 0.4 பெரிதாக இருக்க வேண்டும் என்பதற்காக 8.4 ஆனது என்ற செய்தி போய்விடும். இனி வளையம் 10 ஆனால் துளைக்குத் தெரியாது.

போனதை வடிவத்திலிருந்தே கணக்குப் போட்டுத் திரும்ப எடுக்க முடியாதா? இங்கே ஓர் அடிப்படைத் தடை இருக்கிறது. ஒரு கட்டியில் துளை இருக்கிறது. கட்டியைச் செய்து பிறகு துளைத்திருக்கலாம். துளையோடு சேர்த்தே படம் போட்டுத் தடிமன் கொடுத்திருக்கலாம். தனியாக ஓர் உருளையைச் செய்து கட்டியிலிருந்து கழித்திருக்கலாம். மூன்று வழியிலும் முகங்கள், விளிம்புகள், எண்கள் எல்லாம் ஒன்றே. வாசலில் முடிந்துபோன சிக்குக் கோலத்தைப் பார்த்துக் கை எந்தப் புள்ளியில் தொடங்கியது என்று சொல்ல முடியாததுபோல, பல தடங்கள் வந்து சேரும் ஒரே இடம் இது. திரும்பிப் போக ஒரு வழி இல்லை, பல வழிகள் உண்டு. அவற்றில் எது உண்மையில் நடந்தது என்பதற்கு வடிவத்தில் சாட்சி இல்லை.

ஆனாலும் நியாயமான ஒரு தடத்தை ஊகிக்கலாம். ‘இந்த உருளை முகம் உட்பக்கம் பார்க்கிறது, இரு முனையும் திறந்திருக்கிறது, ஆகவே இது துளை’ என்று தேடும் முறைகளுக்கு ‘ஃபீச்சர் ரெகக்னிஷன்’ என்று பெயர். இதில் இந்தியர்களின் பங்கு சிறியதில்லை. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியர் பி. குருமூர்த்தி இத்துறையில் நீண்ட காலம் ஆய்வு செய்தவர். சாலிட்வொர்க்ஸுக்குள் இருக்கும் ‘ஃபீச்சர்வொர்க்ஸ்’ என்ற கருவியை உருவாக்கியது மும்பையில், பூட்டுக்குப் பெயர்போன கோத்ரெஜ் குழுமத்திலிருந்து பிறந்த ஜியோமெட்ரிக் சாஃப்ட்வேர் நிறுவனம். பூட்டுக்காரர் வீட்டிலிருந்தே அழிந்த தடத்தைத் தேடும் கருவியும் வந்திருப்பது எனக்கு வேடிக்கையாகப் படுகிறது. துளை, காடி, உருட்டிய விளிம்பு போன்றவற்றை இத்தகைய கருவிகள் நன்றாகவே கண்டுபிடிக்கின்றன. ‘கூட்டல் 0.4’ என்ற உறவை எதனாலும் கண்டுபிடிக்க முடியாது. அது வடிவத்தில் எழுதப்படவே இல்லை.

இத்தனை இழப்பு இருந்தும் அழிக்கிறார்கள் என்றால் காரணம் வலுவாகத்தான் இருக்க வேண்டும். முதல் காரணம் எடை. வேடசந்தூர்ப் பக்கம் போனால் சாலைக்கு இரு பக்கமும் நூற்பாலைகள். ஒரு ரிங் ஃப்ரேமில் ஆயிரத்துக்கு மேற்பட்ட கதிர்கள் இருக்கும். கட்டடத்தில் எந்த இயந்திரத்தை எங்கே வைப்பது, காற்றுக் குழாயை எப்படிக் கொண்டுபோவது என்று வரைபவருக்கு அந்த இயந்திரம் எவ்வளவு இடம் பிடிக்கும் என்று தெரிந்தால் போதும். ஒவ்வொரு கதிரும் எந்த வரிசையில் வரையப்பட்டது என்பதையும் சேர்த்துச் சுமந்தால் ஒரு மாற்றத்துக்குக் கணினி தேநீர் குடிக்கப் போய்விடும். ஆகவே இயந்திரத்தின் புறத்தோலை மட்டும் உரித்து எடுத்து வைப்பார்கள். ‘ஷ்ரிங்க்ராப்’ என்ற கட்டளை இதற்காகவே இருக்கிறது.

இரண்டாவது காரணம் பொதுமொழி. உங்களிடம் இருப்பது ஒரு மென்பொருள், கோவையிலோ ஓசூரிலோ அச்சு செய்யும் டூல் ரூமில் இருப்பது வேறொன்று. ஒன்றின் பட்டியல் மற்றதற்குப் புரியாது. “நேட்டிவ் ஃபைல் வேண்டாம் சார், ஸ்டெப்பா அனுப்புங்க” என்று அங்கிருந்து குரல் வருவது அதனால்தான். ஐஎஸ்ஓ 10303 என்ற எண்ணுள்ள இந்த ஸ்டெப் தரம் 1994-ல் முதலில் வெளியானது. அதில் வடிவம் போகும், பட்டியல் போகாது. பட்டியலையும் கொண்டுபோக அதே தரத்தில் 55, 108, 111 என்று தனிப் பகுதிகளை 2005, 2007 ஆண்டுகளில் எழுதித்தான் வைத்தார்கள். பெரும்பாலான மென்பொருள்கள் அவற்றைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஒவ்வொரு நிறுவனத்தின் பட்டியல் செயல்படும் விதமும் அந்த நிறுவனத்தின் முதலீடு. வாடிக்கையாளர் எளிதாக வேறு கடைக்குப் போக எந்தக் கடைக்காரர் வழி அமைத்துக் கொடுப்பார்?

மூன்றாவது காரணம் காலம். விமானம் ஒன்று பல பத்தாண்டுகள் பறக்கும், மென்பொருள் அவ்வளவு காலம் அப்படியே இருக்காது. பட்டியலை மறுபடி ஓட்டிப் பார்க்க அதே மென்பொருள், சமயத்தில் அதே பதிப்பே வேண்டும். வடிவத்தைப் படிக்க வடிவியல் போதும். விமானத் துறையினர் ‘லோட்டார்’ என்ற பெயரில் கூடி, ஈஎன் 9300 என்ற தர வரிசையை வகுத்து, ஆவணக் காப்புக்கு ஸ்டெப் வடிவத்தை நம்பியிருப்பது இதனால்தான். அங்கே வரலாறு இல்லாத கோப்புதான் வரலாற்று ஆவணம்.

நான்காவது காரணம் ரகசியம். இங்கேதான் நம் பூட்டைத் திறந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

லீவர் பூட்டுக்குள் தகடுகள் அடுக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு தகட்டிலும் ஒரு காடி உண்டு. சாவியின் ஒவ்வொரு பல்லும் தனக்குரிய தகட்டைத் தூக்கும். எல்லாக் காடிகளும் ஒரே கோட்டில் வந்து நின்றால்தான் தாழின் மூக்கு அவற்றுக்குள் நுழைந்து நகர முடியும். ஒரு தகடு குறைவாக எழுந்தாலும் அடைப்பு, கூடுதலாக எழுந்தாலும் அடைப்பு. கூடுதலாக எழுவதும் குற்றம் என்ற அந்த நுட்பத்தை 1778-ல் இங்கிலாந்தில் ராபர்ட் பேரன் கொண்டுவந்தார். அடிப்படை இன்றுவரை அதுதான். ஆறு லீவர், ஒவ்வொன்றுக்கும் ஐந்து உயரம் என்று கொண்டால் 5-ஐ ஆறு முறை பெருக்கி 15,625 வகைச் சாவிகள் வரும். நடைமுறைக்கு ஒத்துவராத சிலவற்றைக் கழித்தாலும் ஆயிரக்கணக்கில் மிஞ்சும்.

கைவேலைப் பூட்டில் இந்த உயரங்களைத் தீர்மானிப்பது அரம் பிடித்த கை. கணினியில் வரைபவர் அப்படி ஒவ்வொன்றாகச் செய்ய மாட்டார். பூட்டின் வரிசை எண்ணைக் கொடுத்தால் ஆறு உயரங்களும் கிடைக்கும்படி ஓர் அட்டவணையோ சூத்திரமோ எழுதி மாடலுக்குள்ளேயே வைத்துவிடுவார். 00417 என்று போட்டால் அந்தப் பூட்டின் லீவர்கள், 00418 என்று போட்டால் அடுத்ததன் லீவர்கள். வசதிதான். அந்தக் கோப்பை அப்படியே வெளியே வேலைக்கு அனுப்பினால் ஒரு பூட்டின் வரைபடத்தோடு அந்த நிறுவனம் செய்த, செய்யப்போகிற பூட்டுகள் அத்தனையின் சாவியையும் அனுப்பியதாக அர்த்தம்.

தடத்தை அழித்தால் சூத்திரம் போய்விடும். ஆனால் லீவர்களும் அவற்றின் காடிகளும் அங்கேயேதான் இருக்கும். காடியின் உயரம் வடிவம், வடிவத்தை யாரும் அழிக்கவில்லை. கோப்பைத் திறந்து இரண்டு முகங்களுக்கு நடுவே அளவு கேட்டால் மென்பொருளே பத்து தசம இடத்துக்குச் சொல்லும். அந்த ஒரு பூட்டுக்குச் சாவி வெட்ட அது தாராளம். போதாததற்கு, ஒரே வகையில் நாலைந்து பூட்டுகளின் கோப்புகள் வரிசை எண்ணோடு ஒருவர் கையில் சேர்ந்துவிட்டால், எண்ணுக்கும் உயரத்துக்கும் உள்ள சம்பந்தத்தை அவர் ஊகிக்கத் தொடங்கலாம். தடம் அழித்தல் ரகசியத்தைச் சுருக்குகிறது, பூட்டி வைப்பதில்லை. பாராமீட்டரை எடுத்துவிட்டோம், பயமில்லை என்று நினைக்கும் பல டிசைன் ஆபீஸ்கள் இந்த வேறுபாட்டைக் கவனிப்பதில்லை.

ஸ்டெப் கோப்பில் இன்னொரு சங்கதி. அது சாதாரண எழுத்துக் கோப்பு, நோட்பேடிலேயே திறக்கும். ‘ஐஎஸ்ஓ-10303-21’ என்ற முதல் வரியை அடுத்து வரும் தலைப்புப் பகுதியில் கோப்பின் பெயர், எழுதிய நாள் நேரம், வரைந்தவர், நிறுவனம், எந்த மென்பொருளில் பிறந்தது என்பதற்கெல்லாம் இடம் இருக்கிறது. பல கணினிகளில் இவை தாமாகவே நிரம்பிவிடும். உள்ளே போனால் ஒவ்வொரு பாகத்தின் பெயரும் அப்படியே இருக்கும். மூன்றாவது லீவருக்கு ‘லீவர் 3 உயரம் 4’ என்று பெயர் வைத்திருந்தால் அளவெடுக்கும் வேலைகூட மிச்சம்.

வடிவத்தையும் வழியையும் பிரித்துப் பார்க்கும் பழக்கம் கணினிக்கு மட்டும் உரியதில்லை, நம் சட்டத்திலும் இருக்கிறது. 2000-ம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டத்தின் கீழ் ஒரு பூட்டின் தோற்றத்தைப் பதிவு செய்யலாம். முதலில் 10 ஆண்டு, நீட்டித்தால் மேலும் 5 ஆண்டு பாதுகாப்பு. கண்ணால் பார்த்து மதிப்பிடக்கூடிய உருவம்தான் அங்கே செல்லும். செய்முறையும் செய்முறைக் கோட்பாடும் அதில் அடங்காது என்று சட்டத்தின் வரையறையே விலக்கிவைக்கிறது. பட்டியல் அழிந்த ஊமை உருவம்தான் அந்தச் சட்டத்துக்குத் தெரிந்த பூட்டு.

திண்டுக்கல் பூட்டு 2019-ல் புவிசார் குறியீடு பெற்றது. அதே சமயத்தில் காரைக்குடிப் பக்கத்துக் கண்டாங்கிச் சேலைக்கும் கிடைத்தது. அந்தப் பதிவேடு சென்னையில்தான் இருக்கிறது. அங்கே ஒரு பொருளைப் பதிய வரும் விண்ணப்பத்தில் ‘உற்பத்தி முறை’ என்று ஒரு தனித் தலைப்பு உண்டு. எந்த ஊரில், எந்தக் கைகள், எந்தப் பொருளை, எந்த வரிசையில் செய்கின்றன என்று எழுதியாக வேண்டும். வடிவம் மட்டும் காட்டினால் பதிவு இல்லை. அலிகாரில் இயந்திரம் வார்க்கும் பூட்டு மாங்காய் வடிவத்திலேயே இருந்தாலும் அது திண்டுக்கல் பூட்டாகாது. ஒரு சட்டம் இறுதி உருவத்தைக் கேட்கிறது, இன்னொரு சட்டம் தடத்தைக் கேட்கிறது. ஒரே பூட்டுக்கு இரண்டுமே பொருந்தும்.

தடத்தின் மதிப்பு இப்போது எதிர்பாராத இடத்தில் ஏறியிருக்கிறது. எந்திரக் கற்றல் மாதிரிகளுக்கு வடிவமைக்கக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்றால் முடிந்த வடிவங்கள் மட்டும் போதவில்லை, மனிதர்கள் வரைந்த வரிசை வேண்டியிருக்கிறது. ஆட்டோடெஸ்க் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஃபியூஷன் 360 தொகுப்பில் 8,625 வரிசைகள் இருக்கின்றன. 2021-ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தினர் வெளியிட்ட ‘டீப்கேட்’ ஆய்வில் 1,78,238 மாடல்கள், அவற்றைக் கட்டிய வரிசையோடு. பொதுவில் கிடைக்கும் மனிதப் பேச்சின் அளவோடு ஒப்பிட்டால் இது துளி. உலகத்தின் உண்மையான வரிசைகள் நிறுவனங்களின் உள்ளே இருக்கின்றன. வெளியே வருபவையோ அனுப்பும் முன்பே அழிக்கப்பட்டவை.

அழித்தபின் கிடைக்கும் உருவத்தை முழு ஊமை என்று ஒதுக்கவும் வேண்டாம். 2007-ல் ‘ஸ்பேஸ்கிளெய்ம்’, 2008-ல் சீமென்ஸின் ‘சிங்க்ரனஸ்’ தொழில்நுட்பம் என்று வந்த மென்பொருள்கள், ஒரு முகத்தைப் பிடித்து இழுத்தே மாற்றம் செய்ய வழி தருகின்றன. அந்தக் காலத்தில் எப்படி வந்தது என்று விசாரிக்காமல், இப்போது எப்படி நிற்கிறதோ அதிலிருந்து தொடங்குவது. ஓர் அச்சுக்காரருக்கு வரும் வேலையில் பெரும்பகுதி இப்படித்தான் நடக்கிறது. சுவரை 2 பாகை சாய்க்க வேண்டும், கூர்மூலையை 0.5 உருட்ட வேண்டும். முன்னூறு வரி வரலாறு அவருக்கு எதற்கு?

சிக்கல் வேறிடத்தில் வரும். வடிவத்தை ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகும்போது துல்லியக் கணக்கு மாறுகிறது. ‘பாராசாலிட்’ என்ற வடிவியல் எந்திரத்துக்கு ஒரு மி.மீ.யில் லட்சத்தில் ஒரு பங்குக்குள் இரு புள்ளிகள் நெருங்கினால் ஒரே புள்ளி. ஃப்ரீகேட்டுக்கு அடியில் இருக்கும் ‘ஓப்பன் கேஸ்கேட்’ கோடியில் ஒரு பங்கு வரை பிரித்துப் பார்க்கும். ஒன்றில் ஒட்டி நின்ற விளிம்பு மற்றதில் விலகித் தெரியும். திட உருவம் ஓட்டை விழுந்த தோலாக வந்து இறங்கும். மாங்காய் போன்ற வளைந்த முகங்களில் இது அடிக்கடி நடக்கும், செவ்வகப் பெட்டியில் அபூர்வம்.

ஆகவே பூட்டின் உடலை வெளி வேலைக்கு அனுப்புவதென்றால் நான் சொல்லும் முறை இது. மூலக் கோப்பில் கை வைக்கவே கூடாது, பிரதி எடுத்து அதில்தான் அழிப்பது. அச்சுக்காரருக்கு லீவர்கள் தேவையில்லை, அவை அடைத்துக்கொள்ளும் இடம் தெரிந்தால் போதும். ஆகவே ஆறு லீவர்களையும் எடுத்துவிட்டு அதே அளவில் ஒரு வெறும் கட்டியை வைத்துவிடலாம். ரகசியத்தைக் காப்பது பட்டியலை அழிக்கும் கட்டளையைவிட இந்தக் கட்டிதான். பிறகு பாகங்களுக்கு 1, 2, 3 என்று பெயர் மாற்றி ஸ்டெப்பாக எடுக்க வேண்டும். எடுத்ததை மறுபடி திறந்து, கன அளவு, மேற்பரப்பு, ஈர்ப்பு மையம் மூன்றையும் அந்தப் பிரதியுடன் ஒப்பிட வேண்டும். எங்காவது ஒரு குடைவு நிரம்பிப் போயிருந்தால் கன அளவு காட்டிக்கொடுத்துவிடும். பித்தளையில் ஒரு கன செ.மீ. பிசகினால் எடையில் சுமார் 8.5 கிராம். அளவுத் தளர்வுகளையும் அனுப்ப வேண்டுமென்றால் ஸ்டெப்பில் 2014-ல் வந்த ஏபி242 வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பழைய ஏபி203-ஐ எடுத்தால் அவை வழியிலேயே உதிர்ந்துவிடக் கூடும்.

கடைசியாக, மின்னஞ்சலில் இணைப்பதற்கு முன் கோப்பை நோட்பேடில் திறந்து தலைப்பில் யார் பெயர் இருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும். இதற்கு எந்த கேட் லைசென்சும் தேவையில்லை.